எந்த ‘முன்’, சார்?

பொழிச்சலூரில் விமானம் எவ்வளவு தாழப் பறக்கும் என்றால், மாடியில் காயும் வடகத்தில் உப்புக் குறைவு என்று பைலட்டே சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள். ஜென்சியும் அப்படித்தான். பிறந்தவுடன் முதுகில் தட்டிய நர்ஸைப் பார்த்து அவள் அழவில்லையாம், “எதுக்கு அடிச்சீங்க?” என்று கேட்டாளாம். அவள் அம்மா ரத்தினபாய் இதை ஜெபக் கூட்டத்திலேயே சாட்சியாகச் சொல்லியிருக்கிறாள். ஜெபக் கூட்டத்தில் சொன்னதைச் சந்தேகப்பட எனக்குத் தைரியம் கிடையாது.

ஜென்சிக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அப்பா காலேப்புக்குப் பம்மலில் கார் சீட் உறை தைக்கும் கடை. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள், தாம்பரத்துக்கு அப்பால் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருடத்தில் இருந்தாள். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். தூரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு மேற்படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது, எல்லாத் தாளிலும் தேற வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. தேறவில்லை என்றால் என்ன என்பதையும் காலேப் முடிவு செய்து வைத்திருந்தார். அவருடைய அக்கா மகன் பிரிட்டோ சிறுசேரியில் கணினி வேலையில் இருக்கிறான். “ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா, அடுத்த திங்கட்கிழமையே உள்ள தள்ளிடறேன்” என்று அவன் சொல்லியிருந்தான். ‘உள்ளே தள்ளுவது’ என்ற பேச்சைக் கேட்டதிலிருந்து ஜென்சிக்குச் சிறுசேரி என்றால் சிறைச்சாலை.

ஒரே ஒரு தாள்தான் தகராறு. சார்பியல். நடத்தியவர் பேராசிரியர் அசரியா. முப்பது வருட அனுபவம். அவர் ‘சைலன்ஸ்’ என்று சொன்னால் வெளியே ரோட்டில் ஷேர் ஆட்டோக்களும் ஹாரனை நிறுத்தும். அவர் தயாரிக்கும் விடைக்குறிப்பில் இதுவரை ஒரு கமாவைக்கூட யாரும் திருத்தியதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு, அதை அவர் மறைத்ததும் இல்லை.

இந்த மனிதருடைய வகுப்பில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள் ஜென்சி.

இரட்டைப் பிள்ளைகளின் கதையை அவர் நடத்திய அன்றே ஆரம்பித்துவிட்டது. ஒருவன் ராக்கெட்டில் ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் போய்விட்டுத் திரும்புகிறான். மற்றவன் பூமியிலேயே இருக்கிறான். திரும்பி வந்தவனுக்கு வயது குறைவாக இருக்கும்.

“சார், ராக்கெட்ல போனது மூத்தவனா, இளையவனா?”

“யாரா இருந்தா என்னம்மா?”

“மூத்தவன்னா, திரும்பி வந்ததும் அவன் தம்பியை அண்ணான்னு கூப்பிடணுமே சார். அவன் பொண்டாட்டிக்கு அந்தத் தம்பி கொழுந்தனா, மூத்தாரா?”

வகுப்பு சிரித்தது. அசரியா சிரிக்கவில்லை. “ஃபிசிக்ஸ்ல அண்ணன் தம்பி கிடையாது” என்றார்.

“அப்ப வயசு மட்டும் எப்படி சார் இருக்கு?”

அடுத்த வாரம், தூரத்தைக் கணக்கிடும் வாய்ப்பாட்டில் காலத்துக்கு மட்டும் ஏன் கழித்தல் குறி, அது என்ன பாவம் செய்தது என்று கேட்டாள். அதற்கு அடுத்த வாரம் டென்சர் என்ற கணக்கு வந்தது. ஓர் எழுத்தின் தலையில் குறி போட்டால் ஒன்று, காலடியில் போட்டால் வேறொன்று. “மேல யாரு, கீழ யாருன்னு யாரு சார் முடிவு பண்றது?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள். அவர்கள் கணக்கைப் பற்றி யோசித்துக் கைதட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்படியே போய் இன்டர்னல் தேர்வு வந்தது. அதில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தால்தான் கடைசித் தேர்வு எழுத முடியும்.

விடைத்தாள்களை அசரியா வகுப்பில் கொடுத்தார். ஜென்சிக்கு மூன்று மதிப்பெண் குறைந்தது. குறைந்ததற்குக் காரணம் ஒரே கேள்வி. ‘ஒரே நேரான தண்டவாளத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அவற்றின் வரிசையைப் பற்றி எல்லாப் பார்வையாளர்களும் எப்போது ஒத்துப்போவார்கள்?’ பத்து மதிப்பெண். ஜென்சி இரண்டு பக்கம் கணக்குப் போட்டு, கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். முதல் நிகழ்ச்சியிலிருந்து கிளம்பும் ஒளி இரண்டாவது நிகழ்ச்சிக்குள் அங்கே போய்ச் சேர முடியுமானால், முதலாவது எல்லோருக்கும் எப்போதும் ‘ஃப்ரன்ட்’, இரண்டாவது ‘பேக்’. அதன் குறுக்கே அசரியா சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சைபர் போட்டிருந்தார்.

அவர் விடைக்குறிப்பை வாசித்தார். “லைட் போய்ச் சேர முடிஞ்சா, முதல்ல நடந்தது எல்லாருக்கும் முதல்லதான். முடியலேன்னா, எல்லாரும் ஒத்துக்கற மாதிரி எந்த வரிசையும் கிடையாது. அவ்வளவுதான். இதை எழுதினவங்களுக்கெல்லாம் பத்து.”

ஜென்சி எழுந்தாள். “சார், நானும் அதேதானே எழுதியிருக்கேன்?”

“நீ ஃப்ரன்ட்னு எழுதியிருக்கே. ஃப்ரன்ட்னா இடம். கேட்டது நேரம்.”

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பழைய தப்பு இது. தமிழில் கடைக்கு முன் என்றாலும் முன்தான், இரண்டு நாளைக்கு முன் என்றாலும் முன்தான். அதனால் ஜென்சி சிநேகிதியிடம் “நான் ஃப்ரன்ட்டே வந்துட்டேன், நீதான் லேட்டு” என்பாள். தேர்வு அறையில் கணக்கு வேகமாக ஓடியபோது கையும் அதே பழக்கத்தில் எழுதிவிட்டது.

“நான் முன்னாடின்னு நெனச்சு எழுதினேன் சார். முன்னாடின்னா நேரமும்தானே?”

“நீ நெனச்சதுக்கு எல்லாம் மார்க் போட முடியாது. சரி, அழாதே. மூணு மார்க் கிரேஸ் போட்டுடறேன். வாயை மூடிக்கிட்டு பாஸாகிப் போ.”

ஜென்சி அழவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். “கிரேஸ் வேணாம் சார்” என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. “கணக்கு சரி. அதுக்கு மார்க் இருந்தா போடுங்க. பாவம் பாத்துப் போடாதீங்க.”

அசரியாவின் முகம் போன போக்கில், அன்று மத்தியானம் கேன்டீனில் காபியே திரிந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் பெரிய ரகளை. ரத்தினபாய் தலையில் அடித்துக்கொண்டாள். “கிரேஸ்னா என்னடி அர்த்தம்? கிருபை! ஞாயித்துக்கிழமை தவறாம அதுக்காகத்தானே முட்டி போடறோம்? கிருபையை வேணாம்னு சொன்ன முதல் கிறிஸ்தவச்சி உலகத்துலயே நீதான்!”

“கர்த்தர் குடுத்தா வாங்கிக்கறேன்மா. அசரியா சார் குடுத்தா வேணாம்.”

காலேப் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சோற்றைப் பிசைந்தபடி, “நான் பிரிட்டோகிட்ட பேசிடறேன்” என்றார். சத்தத்தைவிட அதுதான் ஜென்சியைக் குத்தியது.

“பேசாதீங்கப்பா. அந்தத் தாள்ல பாஸ் பண்ணிட்டு நானே அவன்கிட்ட பேசறேன்.”

“எப்படிப் பாஸ் பண்ணுவே? குடுத்ததையும் வேணாம்னுட்டு வந்துட்டே.”

மேலே ஒரு விமானம் போனது. அது போய் முடியும் வரை மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் கல்லூரியிலிருந்து திரும்பும்போது தாம்பரத்தில் பீச் போகும் வண்டியில் ஏறினாள். பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பது அவள் வழக்கம். எதிர் சீட்டில் ஒரு பெரியவர், வண்டி கிளம்பும்போது முறுக்கு ஒன்றை எடுத்துக் கடித்தார். அது வீட்டில் சுட்ட முறுக்கு. அதன் உறுதியைப் பார்த்தால் ரயில் பாலம் கட்டலாம். சானட்டோரியம் போயிற்று, குரோம்பேட்டை போயிற்று, பல்லாவரத்தில்தான் அவர் கடைசித் துண்டை விழுங்கினார்.

ஜென்சி அந்த முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கடி தாம்பரத்தில், கடைசி விழுங்கல் பல்லாவரத்தில். முதலில் கடித்தார், பிறகுதான் விழுங்கினார். இதை எந்த வேகத்தில் போகிறவனும் மாற்ற முடியாது. விழுங்கிவிட்டுக் கடிக்கிற மனிதனை எந்த ராக்கெட்டிலிருந்தும் பார்க்க முடியாது. கால முன் உறுதி. ஆனால் இட முன்? பிளாட்பாரத்தில் நிற்பவனுக்கு, விழுங்கியது வடக்கே தள்ளி நடந்தது. அந்தப் பெரியவருக்கோ இரண்டும் அதே சீட்டில், அதே மடியில் நடந்தவை. பக்கத்துத் தண்டவாளத்தில் நம்மைத் தாண்டி ஓடும் எக்ஸ்பிரஸ்ஸில் இருப்பவனுக்கு லோக்கல் வண்டி பின்னோக்கிப் போவதாகத் தெரியும். அவன் கணக்கில் விழுங்கல் தெற்கே தள்ளி நடந்தது. ஆக, எது முன்னால், எது பின்னால் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

‘எல்லோருக்கும் எப்போதும் ஃப்ரன்ட்’ என்று அவள் எழுதியது தப்பு. மொழித் தப்பு என்று சமாளிக்கவும் வழியில்லை. எழுதியபடி படித்தால் முழுத் தப்பு.

வேறொரு பெண்ணாக இருந்தால் அந்த இடத்தில் மனம் உடைந்து பிரிட்டோவுக்கு போன் போட்டிருப்பாள். ஜென்சிக்கு இன்னொரு கேள்வி வந்துவிட்டது. இது ஒளி போய்ச் சேர நேரம் இருக்கும் கேஸ். நேரம் இல்லாத கேஸில் இந்த இட முன் என்ன ஆகும்?

தாம்பரத்தில் ஒரு விளக்கு எரிகிறது. பல்லாவரத்தில் ஒரு விளக்கு எரிகிறது. இடையில் ஒளியே போய்ச் சேர முடியாத அளவுக்கு அவ்வளவு நெருங்கிய நேரத்தில். ஒளிக்கு அடுத்தபடியான வேகத்தில் ஓடும் கற்பனை வண்டிகளிலிருந்து பார்ப்பவர்கள் எது முதலில் எரிந்தது என்று அடித்துக்கொள்வார்கள். அது புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் பல்லாவரம் விளக்கு தாம்பரம் விளக்குக்குத் தெற்கே எரிந்தது என்று அவர்களில் ஒருவனாவது சொல்வானா? உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டாள். கை போதாமல் முழங்கை வரை போனது. சொல்ல மாட்டான். எந்த வேகத்திலும் சொல்ல முடியாது. அந்தக் கேஸில் கால முன்தான் ஆடுகிறது, இட முன் அசையவே இல்லை.

அப்படியானால் ‘எந்த வரிசையும் கிடையாது’ என்று அசரியா வாசித்தாரே, அந்த வரி?

ஜென்சி நிமிர்ந்து பார்த்தபோது வண்டி கிண்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது. பெரியவர் எப்போதோ இறங்கிப் போயிருந்தார்.

அடுத்த நாள் காலையில் அசரியாவின் அறைக்குப் போனாள். அவர் நிமிர்ந்து பார்க்காமலேயே, “கிரேஸ் வேணும்னு வந்தியா?” என்று கேட்டார்.

“இல்ல சார். போர்டைக் கொஞ்சம் யூஸ் பண்ணிக்கலாமா?”

பதில் வருமுன் சாக்பீஸை எடுத்துவிட்டாள். முதலில் முறுக்கைப் போட்டாள். பிறகு விளக்குகளைப் போட்டாள். அசரியா முறுக்கு வரை நாற்காலியில் சாய்ந்திருந்தார். விளக்கு வந்ததும் எழுந்து கிட்டே வந்தார். அவள் எழுதிய வாய்ப்பாட்டில் ஒவ்வொரு குறியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தாமே ஒரு சாக்பீஸை எடுத்துக் கீழே திரும்பப் போட்டார். அதே விடை வந்தது.

“ஒரு தண்டவாளத்துல சரி” என்றார். “திறந்த மைதானத்துல வெச்சுப் பார். நாலா பக்கமும் ஓடினா இது நிக்காது.”

“நிக்காது சார். ராத்திரி போட்டுப் பாத்தேன். ஆனா கேள்வியில ஒரே தண்டவாளம்னு போட்டது நீங்கதான். வரிசைன்னு மட்டும் கேட்டதும் நீங்கதான். எந்த வரிசைன்னு கேக்கல. எந்த முன், சார்? ரெண்டுல ஒண்ணு எப்பவும் எல்லாருக்கும் ஒண்ணாவே இருக்கு.”

அசரியா கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். வெகுநேரம் தட்டினார்.

“சரி” என்றார் கடைசியில். குரல் தணிந்திருந்தது. “உன் பேப்பரைக் கொடு. பத்து போட்டுடறேன். கிரேஸ் இல்ல, மார்க். வெளிய சொல்லிக்கிட்டு இருக்காதே.”

“வேணாம் சார். என் பதில் தப்பு. முறுக்கு கேஸ்ல போய் ஃப்ரன்ட்னு எழுதியிருக்கேன். விளக்கு கேஸை எழுதவே இல்ல. அதுக்கு சைபர் சரிதான்.”

அசரியா அவளை வெறித்துப் பார்த்தார். “அப்புறம் எதுக்கும்மா வந்தே?”

“உங்களுதும் தப்புன்னு சொல்ல வந்தேன் சார்.”

அந்த அறையில் மின்விசிறி நின்றுவிட்டது. கரண்ட் போனதாம். நான் அப்படி நம்பவில்லை.

“குறிப்பை மாத்தினா என்ன ஆகும்னு தெரியுமா? அதை அப்படியே எழுதினவங்க எல்லார் மார்க்கும் போகும். உன் கிளாஸே உன்னைத் தின்னுடும்.”

“தப்பை எழுதினதுக்குப் பத்து மார்க் வாங்கியிருக்காங்களே சார். எனக்கு மட்டும் திருத்தணும்னா எனக்கு வேணாம். எல்லாருக்கும் திருத்துங்க, இல்ல யாருக்கும் திருத்தாதீங்க. நான் ஃபெயிலாவே இருந்துக்கறேன்.”

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். ஃபெயிலாகவே இருந்துகொண்டால் சிறுசேரிதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் வகுப்புக்கு வந்த அசரியா, புத்தகத்தைத் திறக்காமல் போர்டில் முறுக்கையும் விளக்கையும் வரைந்தார். “என் விடைக்குறிப்புல கடைசி வரி தப்பு. கேள்வியும் தெளிவா இல்ல. அந்தப் பத்து மார்க்கை எடுத்துட்டேன். சனிக்கிழமை எல்லாருக்கும் அந்தப் பகுதியில மறுபடி டெஸ்ட்” என்றார். எதனால் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எல்லோரும் ஜென்சியைத்தான் பார்த்தார்கள்.

அவர் போனதும் ராயபுரத்திலிருந்து வரும் விக்கி எழுந்து வந்தான். அந்தக் கேள்விக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவர்களில் ஒருவன். “இன்னா ஜென்சி, ஏன் இப்டி பேஜார் பண்ணிகினு கீற? நீ ஃபெயிலுன்னா நீ ஃபெயிலு. எங்கள ஏன் இஸ்துகினு போற? சனிக்கிழம எனக்கு மேட்ச் கீது!”

“நீ எழுதினது தப்பு விக்கி.”

“சாரே ரைட்டுன்னு சொன்னாரு!”

“சாரே தப்புன்னு சொல்லிட்டாரே இப்ப.”

“நீ சொல்ல வெச்ச!”

அன்றைக்குப் பாதி வகுப்பு அவளோடு பேசவில்லை. மீதிப் பாதி பேசியது, ஆனால் பேசாமலே இருந்திருக்கலாம் என்கிற மாதிரி. தோழி தேவதர்ஷினி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏய், உனக்கு ஃபிரெண்ட்ஸ் வேணாமா?” என்று கேட்டாள்.

“வேணும். ஆனா அதுக்காக அந்த வரியை ரைட்டுன்னு விட்டுட முடியுமாடி?”

“முடியும். நாங்கல்லாம் விட்டோமே.”

சனிக்கிழமை டெஸ்ட் நடந்தது. கேள்வியில் இப்போது ‘காலவரிசை’ என்றும் ‘இடவரிசை’ என்றும் தனித்தனியாகக் கேட்டிருந்தார் அசரியா. விரும்புகிறவர்கள் தமிழிலும் எழுதலாம் என்று வாயால் அறிவித்தார். ஜென்சி தமிழில் எழுதினாள். விக்கி, மேட்ச் போன ஆத்திரத்தில் ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் எழுதினான். அவனும் நன்றாகவே எழுதியிருந்தான் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை அசரியா தாள்களைக் கொடுத்தார். ஜென்சிக்குப் பத்துக்கு ஒன்பது. குறைந்தபட்சத்தைத் தாண்டி ஆறு மேலே. கடைசித் தேர்வு எழுதலாம். வகுப்பு வாசலில் நின்றபடியே பிரிட்டோவுக்கு போன் போட்டாள். “அத்தான், நான் வரல. அந்த சீட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். அவன் என்ன சொல்வான் என்று காத்திருக்கவில்லை.

பிறகுதான் தாளைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் ஓரிடத்தில் சிவப்பு வட்டம். காலத்துக்கு முன்னால் வர வேண்டிய கழித்தல் குறி விடுபட்டுப் போயிருந்தது. அதற்கு ஒரு மதிப்பெண் வெட்டு. அசரியா மேசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண் வட்டத்தைப் பார்த்துவிட்டது, இதோ வரப்போகிறது என்று அவர் முகம் தயாராக இருந்தது. சாக்பீஸ்கூடக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

ஜென்சி தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

“என்னம்மா? ஒரு மார்க் போச்சே, சண்டை போட வரலையா?”

“குறியை விட்டுட்டேன் சார். தப்பு. தப்புக்கு எதுக்கு சார் சண்டை?”

அசரியா சாக்பீஸைக் கீழே வைத்தார். கொஞ்சம் ஏமாந்துதான் போனார் என்று தேவதர்ஷினி சொல்கிறாள்.